பிடிபட்ட மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப்பொருள் குற்றங்களையும் வெட்டு குத்துகளையும் குறைக்க மாநில அரசு திட்டம் போடுகிறது, அதிகாரிகள் கூட்டம் நடக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் போலீசுக்கும் டாக்டருக்கும் தெரியாத ஒரு பக்கம் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் கைநீட்டி நிற்பது எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மே மாதம், ராத்திரி ஒன்பதரை இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்று வந்து நின்றது. ஒருவன் எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான், இன்னொருவன் குனிந்து ஷட்டருக்கு உள்ளே வந்து, "அண்ணே, பாட்டிக்கு முதுகுவலி, இந்த மாத்திரை ரெண்டு அட்டை" என்று போனை நீட்டினான். போனில் ஒரு மருந்துச் சீட்டின் போட்டோ. டாக்டர் பெயரும் தேதியும் இருக்க வேண்டிய மேல்பக்கம் வெட்டப்பட்டிருந்தது, நடுவில் டேபென்டடால் 100 மில்லிகிராம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். அவன் கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன், அந்த மே மாத வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு மூடியிருந்தான். முகத்தை உற்றுப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆறாவது ஏழாவது படிக்கும்போது பாட்டி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு மூட்டுவலித் தைலம் வாங்க வருவானே, அதே பையன். அந்தப் பாட்டிக்கு என் கடையில் இன்றைக்கும் கடன் கணக்கு உண்டு. "உங்க பாட்டிக்கு நான் குடுக்குற தைலம் தவிர வேற எதுவும் வேணாம்னு எனக்குத் தெரியும்டா" என்றேன். சட்டென்று கையை எடுத்துவிட்டான். "பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் கடையின் போர்டில் கல் விழுந்து உடைந்திருந்தது. அவன்தான் செய்தான் என்று நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, செய்தது அவனா என்றும் எனக்கு உறுதியில்லை.

இந்த மாத்திரை என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ தாங்க முடியாத வலிக்கோ டாக்டர்கள் எழுதுகிற நல்ல மருந்துதான் இது, ஓபியம் வகை மருந்துகளைப் போலவே மூளையில் வேலை செய்யும். இதைத் தூளாக்கித் தண்ணீரிலோ சலைனிலோ கலக்கி நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் சுண்ணாம்பு மாதிரி சேர்த்திருக்கும் மற்ற பொருள்கள் ரத்தத்தில் கரையாது, நரம்பை அடைக்கும், கை வீங்கிச் சீழ் வைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும் கூடவே வரும். முன்பு இதே மாதிரி ட்ரமடால் என்ற வலி மாத்திரையைக் கேட்டு வருவார்கள். 2018-ல் மத்திய அரசு ட்ரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது, கொஞ்ச நாளில் எங்கள் கவுன்டரில் கேட்கிற பெயர் மாறிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பையன்கள் நிறுத்தவில்லை, மாத்திரை மாறியது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் தொடங்கி 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று பல கட்டமாக நடத்தினார்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஆட்சியர்களையும் எஸ்பிக்களையும் கூட்டிப் பேசினார், அடுத்த நாள் மாநிலம் முழுக்கப் பள்ளி கல்லூரிகளில் உறுதிமொழி எடுத்தார்கள். அதே வருடம் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவையும் மதுவிலக்கு அமல் பிரிவையும் ஒன்றாக்கி அமலாக்கப் பணியகம் என்று அமைத்தார்கள். புகார் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது. மருந்துக்கடைகளில் கேமரா வைக்கச் சொல்லி ஆட்சியர்கள் உத்தரவு போட்டார்கள், நானும் வைத்தேன். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கணக்கு ஒரே மாதிரிதான் வருகிறது: இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது, இத்தனை பேர் மீது குண்டாஸ், இத்தனை வங்கிக் கணக்கு முடக்கம். கிலோ கூடினால் வெற்றி என்கிறோம். ஆனால் கிலோ கூடுகிறது என்றால் சரக்கு வரத்தும் கூடியிருக்கலாம் அல்லவா? வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

இந்தத் திட்டத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிடிபடுகிற பையனைப் பிடித்த இடத்திலேயே விசாரணை நிற்காமல், சரக்கு வந்த வழியே மேலே போகட்டும். பையன் அந்த வழியிலிருந்து கீழே இறங்க ஒரு படி போட்டுக் கொடுங்கள். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

முதலில் மாத்திரையைச் சொல்கிறேன், அது என் தொழில். நம் நாட்டில் ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பேட்ச் நம்பர் (எந்தத் தவணையில் தயாரானது என்று சொல்லும் எண்), தயாரித்த கம்பெனி, அதன் லைசென்ஸ் எண், தயாரித்த மாதம் எல்லாம் அச்சாகியிருக்கும். கம்பெனியிலிருந்து டெப்போவுக்கு, டெப்போவிலிருந்து மொத்த விற்பனைக்கான 20பி, 21பி உரிமம் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்கு, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பில் உண்டு, ஒவ்வொரு பில்லிலும் பேட்ச் நம்பர் உண்டு. 3,000 மாத்திரை பிடிபட்டது என்று செய்தி வருகிறதே, அந்த 3,000 மாத்திரையும் எந்த பேட்ச், அந்த பேட்ச் எந்த மொத்த வியாபாரிக்குப் போனது, அவர் யாருக்கு பில் போட்டார் என்று கேட்டு நாலைந்து போன் செய்தால் கதை வெளியே வந்துவிடும். எங்கோ ஒரு இடத்தில் பில் நின்றுபோயிருக்கும். நின்ற இடத்தில் இருக்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். வெளி மாநிலத்திலிருந்து கூரியரில் வருகிறது என்று போலீஸே பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது, சரி, அந்த மாநிலத்து மொத்த வியாபாரிக்கும் லைசென்ஸ் உண்டு, பில் உண்டு. ஆனால் பெரும்பாலும் நான் பேப்பரில் படிப்பது, பைக்கில் வைத்து விற்ற 20 வயதுப் பையன்கள் இரண்டு பேர் கைது என்பதோடு முடிந்துவிடுகிறது. அட்டையின் பின்பக்கத்தை யாராவது படித்தார்களா என்று தெரிவதில்லை.

எங்கள் தொழிலில் இருக்கும் கெட்டவர்களை நான் மறைக்கப் போவதில்லை. 2014 மார்ச்சிலிருந்து எச்1 என்று ஒரு மருந்துப் பட்டியல் இருக்கிறது, அதில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதாத கடைகள் இருக்கின்றன. ஒரு அட்டைக்குப் பத்து மடங்கு விலை கிடைக்கிறது என்றதும் பின்வாசல் வழியாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தவர்களின் உரிமத்தை ரத்து செய்தால் முதலில் சந்தோஷப்படுவது நானாகத்தான் இருப்பேன். ஆனால் "இல்லை, தர முடியாது" என்று நேர்மையாகச் சொல்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு என்றும் யோசிக்க வேண்டும். மாத்திரை தரவில்லை என்பதற்காக மருந்துக்கடைக்காரரை வெட்டினார்கள், கடையை நொறுக்கினார்கள் என்ற செய்தி இப்போது புதிதில்லை. ராத்திரி பத்து மணி வரை கடையில் இருப்பது பெரும்பாலும் டி.பார்ம் முடித்த பெண்பிள்ளைகள், மாதம் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். என் கடையில் இருந்த பெண் இந்த பயத்திலேயே எட்டு மணிக்கு மேல் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளை நான் குறை சொல்லவே இல்லை.

இங்கே எனக்குத் திருப்பாச்சேத்தி ஞாபகம் வருகிறது. எங்களுக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம், அரிவாளுக்குப் பேர்போன ஊர். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடி வேட்டை நடந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களை எடுத்தார்கள், அதையொட்டிக் கொல்லுப் பட்டறைக்காரர்கள் அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர் விலாசம் எழுத வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று போலீஸ் சொன்னது. தேங்காய் வெட்டவும் கிடா வெட்டவும் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்தவும் அரிவாள் அடித்துக் கொடுக்கிற, நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து கை காய்த்துப்போன மனிதரிடம் நோட்டு போடு என்று சொல்ல முடிகிறது. லட்சக்கணக்கில் மாத்திரை தயாரித்து, கம்ப்யூட்டரில் பில் போட்டு அனுப்புகிற கம்பெனியிடமும் மொத்த வியாபாரியிடமும் இந்த பேட்ச் எங்கே போனது என்று அதே கண்டிப்போடு கேட்க ஏன் முடியவில்லை?

கஞ்சாவுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் கிடையாது. ஆந்திரா ஒடிசா எல்லையில் விசாகப்பட்டினம் பக்கத்து மலைக்காடுகள், அந்தப் பக்கம் மல்கான்கிரி, அங்கிருந்து ரயிலில் சென்னை, காட்பாடி, சேலம், ஈரோடு என்று இறங்கி, அப்புறம் பஸ்ஸிலும் காரிலும் தெற்கே வருகிறது, ஒரு பங்கு கம்பம் வழியாகக் கேரளாவுக்குப் போகிறது, ஒரு பங்கு கடற்கரைக்குப் போய்ப் படகில் இலங்கைக்கு ஏறுகிறது. இங்கே எங்கள் ஊரில் அது பொட்டலம் ஆகிறது. சட்டத்தில் 1 கிலோ வரை சிறிய அளவு, அதற்கு அதிகபட்சம் ஒரு வருடச் சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு, 10 முதல் 20 வருடம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. பெரிய வியாபாரிக்கு இது மனப்பாடம். அதனால் அவர் கையில் எதுவுமே இருக்காது, பையன்கள் கையில் 100 கிராம், 200 கிராம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். பையன் மாட்டினால் அவனுக்குப் பதில் அடுத்த வாரம் இன்னொரு பையன் வருவான், இப்படி ஆள் சேர்ப்பது அவருக்குச் செலவே இல்லை, ஏனென்றால் சேர்கிறவனுக்குச் சம்பளமே பொட்டலம்தான்.

அப்படியே 20 கிலோவோடு ஒருவரைப் பிடித்தாலும் வழக்கு நிற்க வேண்டும் அல்லவா. 2023 ஜூலையில் சென்னையில் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் 22 கிலோ கஞ்சா வழக்கில் இரண்டு பேரை விடுதலை செய்தது. பிடித்த கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பு சொன்னது, நீதிமன்றத்தில் காட்ட சரக்கு இல்லை. அந்தச் செய்தியைக் கடையில் யாரோ சத்தமாகப் படித்தபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நேரத்தில் 150 கிராமோடு மாட்டிய ஒரு பையனின் பாட்டி என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வக்கீலுக்கு எங்கே போய்ப் பணம் புரட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிடித்த சரக்கை மாஜிஸ்ட்ரேட் முன்னால் எடைபோட்டு மாதிரி எடுப்பது, சோதனை போடும்போது சட்டம் சொல்கிற முறைப்படி நடப்பது, ஆய்வக அறிக்கையைக் காலத்தோடு வாங்குவது, இதெல்லாம் கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், பெரிய வழக்குகள் உடைவது இந்தச் சாதாரண வேலைகளில்தான். புதிதாக ஒரு வேட்டைக்குப் பெயர் வைக்கிற செலவில் மாவட்டத்துக்கு ஒரு நல்ல சரக்கு அறையும், நேரத்துக்கு அறிக்கை தருகிற ஆய்வகத்துக்கு இன்னும் நாலு ஆளும் கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

ஆமாம், அந்த 150 கிராம் பையன் நான் முதலில் சொன்ன அதே பையன்தான். என் கடைக்கு வந்த ஓரிரு மாதத்தில் மாட்டினான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நாற்பது நாளுக்குக் கிட்ட உள்ளே இருந்தான். வெளியே வரும்போது முன்பு இல்லாத நாலு புதுக் கூட்டாளிகளோடு வந்தான், அதில் ஒருவன் மேல் ஏற்கனவே கொலை முயற்சி வழக்கு. அதற்குப் பிறகு திருவிழா, தலைவர் ஜெயந்தி, எது வந்தாலும் முந்தின ராத்திரி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான், மூன்றாவது முறை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதும் முதலாளி, "தம்பி, நீ நல்லவன்தான், ஆனா எனக்கு இது சரிப்படாது" என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். போலீஸ்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி நான் எழுதவில்லை, அவர்களுக்கும் மேலேயிருந்து லிஸ்ட் கேட்கிறார்கள், இத்தனை பேரைக் காட்டு என்று. 2025 மார்ச்சில் உசிலம்பட்டி பக்கம் ஒரு காவலர், கஞ்சா வழக்கில் சிக்கியிருந்த ஒருவருக்குப் புத்தி சொல்லப்போய்க் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டாரே, அந்தக் காவலர் நினைத்திருந்தால் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். பேசினார். அவரைப் போன்றவர்கள் பேசிச் சாகிற நிலைமையில் இருக்கிறோம், அவர்கள் கையில் சொல்வதற்குப் புத்தியைத் தவிர வேறு ஏதாவது கொடுத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. "நாளைக்குக் காலையில இந்த ஆஸ்பத்திரிக்குப் போ, இந்த டாக்டரைப் பாரு, நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன்" என்று சொல்ல ஒரு இடம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கு இருந்தாலும், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கில் தண்டனை நடவடிக்கை கிடையாது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போகும். இதை அந்தப் பாட்டிக்கு யாருமே சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது, வேறு ஒரு வழக்குக்காக மருந்து வாங்க வந்த ஒரு வக்கீல் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் 10581 எழுதியிருக்கிற போர்டுக்குக் கீழேயே இதையும் நாலு வரியில் தமிழில் எழுதி வையுங்கள் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

2024-ல் அந்தப் பாட்டி காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து, பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் பேரனைச் சேர்த்தார். வேனில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போனார்கள். மூன்று மாதம் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு இருந்தது, என் கடையில்தான் அதற்குக் களிம்பு வாங்கினார்கள். வந்த பத்தாவது நாள் மறுபடியும் ஊசி. இந்த இல்லங்களை எல்லாம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, உள்ளே டாக்டர் இருக்கிறாரா, கதவு வெளியே பூட்டியிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நல்ல இடங்களும் இருக்கின்றன, சென்னையில் டிடிகே மருத்துவமனை 1980 முதல் இந்த வேலையை மரியாதையாகச் செய்து வருகிறது, ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கு சென்னை எங்கே இருக்கிறது?

2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன், கைது கணக்குகளைவிட எனக்கு இந்த 25 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பையன் கடைசியில் போனதும் மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே ஒரு டாக்டர் அவனிடம் அரை மணி நேரம் பேசினாராம், "என்னை நீங்க வாங்கன்னு கூப்பிட்டாருண்ணே" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், கூடப்போகிற பாட்டிக்கு நூறு நாள் வேலைக் கூலி போகும், ஓபியம் வகைப் பழக்கத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முடியாது, மாதக்கணக்கில், சில சிகிச்சைகளில் தினமுமே போக வேண்டும். நடுவில் ஒரு முறை விட்டான், மறுபடியும் சறுக்கினான், மறுபடியும் போனான்.

இதே ஊரில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதே பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, விரலைக் குத்திப் பார்த்து, நோட்டில் எழுதி, அடுத்த மாதம் வருகிறேன் பாட்டி என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பாட்டி இருக்கிற அதே வீட்டின் பின்கட்டில்தான் பேரன் சுருண்டு கிடந்தான். அந்தப் பெண் பின்கட்டையும் எட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் இரண்டு நாள் இதற்கென்று ஒரு மனநல ஆலோசகரை உட்கார வைத்தால், இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம் தெருமுனைக்கு வந்துவிடும். நம் மாநிலத்தில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பில், போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபது பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது, மதுவுக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டு பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்று வந்தது. மீதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றால், இப்படிப் பின்கட்டில் இருக்கிறார்கள்.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் கொலைகளைப் பற்றிப் பேசுவது நியாயமாக இருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் தமிழ்நாட்டில் 1,690 கொலைகள். இதில் எல்லாமே கஞ்சாவால் நடந்தது என்று மேடையில் பேசுவது எளிது, எங்கள் பக்கத்தில் நடக்கிற கொலைகளை நான் பார்த்தவரை முன்விரோதம், சொத்துத் தகராறு, சாதி, பழிக்குப் பழி என்றுதான் காரணம் இருக்கும், போதை அந்தக் கையை நடுங்காமல் ஆக்கிவிடும், பக்கத்தில் நிற்பவன் தடுக்கவும் விடாது. அந்த போதை பெரும்பாலும் கடையில் பில் இல்லாமல் வாங்கின பாட்டில்தான். 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், நல்லது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு சட்டத்தை ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கினார்கள், அதுவும் சரி. ஆனால் அந்த 45,855 கோடியில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் குடியையும் போதையையும் நிறுத்த வருகிறவர்களின் சிகிச்சைக்கு என்று தனியாக எடுத்து வைத்தாலே 458 கோடி வருகிறது. நான் பெரிய பொருளாதாரம் படித்தவன் இல்லை, கடைக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

சென்னையில் வடசென்னைப் பக்கம் காவல் சிறார் மன்றம் என்று இருக்கிறது, சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கேரம், புத்தகம், டியூஷன் என்று போலீஸே நடத்துகிறது. 2022-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறுப்பும் ஒழுக்கமும் சொல்லித்தர 'சிற்பி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் ஏன் எங்கள் ஊர்வரை வருவதில்லை? எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பதினாறு வயதுப் பையன் போய் உட்கார ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் கண்மாய்க்கரை, பாழடைந்த நூலகத்தின் பின்புறம், டாஸ்மாக் சந்து, இந்த மூன்றைத்தான் நானே சொல்வேன். கபடிக்கு மண் கொட்டி ஒரு விளக்குக் கம்பம் நட்டுத் தாருங்கள் என்று ஊராட்சியில் மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இதை எழுதுகிற இன்றைக்கு அவன் கடைசியாக ஊசி போட்டு ஏழு மாதம் ஆகிறது, தண்ணீர் கேன் போடுகிற ஆட்டோவில் ஓடுகிறான். வாரம் ஒரு நாள் மதுரை போவதற்கு முதலாளி லீவு தருகிறார். அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்திருக்கிறான், முழங்கைக்கு உள்பக்கம் கறுப்பாக இருக்கிறது, கேட்டால் மறைப்பதில்லை. என் கடைக்கும் கேன் போடுகிறான். போன வாரம் காலி கேனை எடுத்துக்கொண்டு போகும்போது, "அண்ணே, ராத்திரி எவனாவது வந்து மாத்திரை கேட்டா அவன் நம்பரை எனக்குக் குடுங்க, நான் பேசுறேன்" என்றான்.

மாவட்டத்தில் அடுத்த கூட்டம் போடும்போது போலீஸ், வருவாய்த்துறை, பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளோடு மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு பேரையும் இப்படி மீண்டு வந்த பையன் ஒருவனையும் கூப்பிடுங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். எச்1 பதிவேடு, மூன்று வருட பில் கட்டு, கேமரா பதிவு எல்லாம் என்னிடம் தயாராக இருக்கின்றன. எந்த நாள், எந்த இடம் என்று சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
மதுரை மாவட்டம்.